ஏழாவது ஷரத்து

மாரண்டஹள்ளியில் ஏறினால்
தருமபுரி வரைக்கும் மடியில் அந்த மஞ்சள் பை.
உள்ளே வக்கீல் எழுதிவரச் சொன்ன பட்டியல்:
"உன்னுது, அவருது, ரெண்டு பேருது.
கோடு போட்டு எழுதிக்கிட்டு வா."

பீரோ என்னுது.
கட்டிலும் என்னுதுதான். அவர் வீட்டு நிலையில் நுழையாமல்
கால் அறுத்து உள்ளே கொண்டுபோனது.
அறுத்த காலோடு எனக்கு வேண்டாம்.
மாடு நான் வாங்கியது,
ஆனால் அவர் குரலுக்குத்தான் திரும்பும். அவருது.
வண்டி அவர் பேரில், தவணை என் சம்பளத்தில்.
மகளிர் குழுக் கடன் என் பேரில்,
அது போன இடம் அவர் பூமியில்.

அங்கேதான் பேனா நின்றது.

தொள்ளாயிரத்து இருபது அடி.
இரண்டு ராத்திரி ஓடியது போர் வண்டி.
முந்நூறில் ஈரமண் வந்தது, கைதட்டினோம்.
அப்புறம் வெள்ளைப் புழுதி,
கல், மறுபடி புழுதி.
என் பதினோரு பவுன்
அடிக்கு இவ்வளவு என்று இறங்குவதை
நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு
நின்று பார்த்தேன்.
உள்ளங்கையில் தேங்காய் வைத்து இடம் சொன்னவர்
விடிவதற்குள் முதல் பஸ் ஏறிவிட்டார்.

"இந்தக் குழியில் எனக்குப் பாதி வேணும் மேடம்."
திலகவதி மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.
"தண்ணி இருக்கா?"
இல்லை.
"அப்ப அது சொத்து இல்லம்மா."
கடன் இருக்குதே, என்றேன்.
"கடனை எழுதலாம்."

டவாலி மூன்று முறை ருக்குமணி என்று கூப்பிட்டார்.
மூன்றாவதுக்குத்தான் எழுந்தேன்.

மாச வருமானம் என்னப்பா, என்று ஐயா கேட்க
முனிராஜ் சொன்னார்:
"தக்காளி எட்டு ரூபாய் வித்தா ஒண்ணு,
எண்பது வித்தா ஒண்ணுங்க."
பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.
அது பொய்யில்லை என்று
அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.
எட்டு ரூபாய் வருஷங்களில்
ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம்.

நாலாயிரம், ஐந்தாம் தேதிக்குள்.
எல்.கே.ஜி. கட்டணம் ஆளுக்குப் பாதி.
இரண்டாம் சனியும் நான்காம் சனியும் பிள்ளை அவரிடம்.

மேடம் ஃபைலை மூடப்போனார்.

குழிமேல ஒரு சாக்கும் பலகைக்கல்லும்தாங்க இருக்குது, என்றேன்.
யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று தெரியாது.
நாலு வயசு. ஒல்லி.
ஒருநாள் கல்லை நகர்த்திவிட்டு
குனிந்து உட்கார்ந்திருந்தாள்.
பக்கத்தில் கூழாங்கல் குவியல்.
என்னடி பண்றே என்றதற்கு
"உஸ்... இன்னும் விழலைம்மா."

மின்விசிறி சுற்றியது.
முனிராஜ் தலையைத் தூக்கவில்லை.
"மூடிடறேன்."
"எழுதுங்க," என்றார் ஐயா.

மேற்படி ஆழ்துளைக் கிணறு
முழுமையாக மூடப்பட்ட பின்னரே
மைனர் ஹேமஸ்ரீயை மேற்படி நிலத்துக்கு
அழைத்துச்செல்ல வேண்டியது.
ஷரத்து ஏழு.
பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு
இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பத்தாம் நாள் போனில் ஒரு படம்.
ஈரச் சிமெண்ட், குச்சியால் எழுதிய தேதி.
ரெண்டு டிராக்டர் மண் குடித்ததாம்,
மச்சாண்டார் பெண்சாதி சொன்னாள்.
படத்துக்குக் கீழே அவர் ஒன்றும் எழுதவில்லை.
நானும் எழுதவில்லை.

இந்த ஆடியில் விலை விழுந்தது.
ஐந்தாம் தேதி மூவாயிரத்து எண்ணூறு.
மறுநாள் காலை பாலக்கோட்டு பஸ்ஸில்
கண்டக்டர் ஒரு கிரேடு தக்காளி இறக்கினார்.
"பாக்கி இருநூறுக்குன்னு சொல்லச் சொன்னார்."

மண்டிக்குப் போன் போட்டுக் கேட்டேன்.
அன்றைக்குக் கிரேடு நூற்று நாற்பது.
நோட்டில் எழுதினேன்:
பணம் 3,800
தக்காளி 140
பாக்கி 60.

பாதியைத் தெருவில் கொடுத்தேன்,
மீதியைத் தொக்கு கிண்டினேன்.
காலிக் கிரேடைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.
சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும்.
அது அவருது.